இடது ஓரத்துக் குரல்

“இன்னும் கொஞ்சம் தள்ளு. இன்னும். ஜன்னல் பக்கமா போ. ஐயோ, ரொம்பப் போயிட்ட, திரும்பி வா!”

சலூன்காரர் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, கழுத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். கடையில் தன்னிடம் வருகிறவர்களை எப்படி உட்காரச் சொல்வாரோ, அப்படி. முடி வெட்டி முடித்ததும் பிடரியைக் காட்டுவதற்கென்று ஒரு கைக்கண்ணாடி வைத்திருப்பார்கள் அல்லவா, அதைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தாள். கை வலித்தது. அடுப்பில் பால் இருந்தது. ஆஸ்பத்திரி டியூட்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் அவள் ஏற்கெனவே சொல்லியாயிற்று. அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

“நில்லு! தெரியுது, ஸ்பீக்கர் தெரியுது! அப்படியே நில்லு, அசையாதே!”

குதித்து ஓடிவந்து, கண்ணாடி இருந்த இடத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார். போன மாதம்தான் வெள்ளையடித்த சுவர். மனைவி வாயைத் திறந்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்து நாளாகியிருந்தது.

விஷயம் இதுதான். ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும் பாட்டு நேராகக் காதுக்கு வருவது ஒன்று; சுவரில் மோதித் திரும்பி வருவது இன்னொன்று. இரண்டும் கலந்தால் காதுக்குக் கூழ்தான் கிடைக்கும். கேட்கிறவர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, இன்னொருவர் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்திக்கொண்டு போனால், எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ அந்த இடத்தில்தான் பாட்டும் மோதுகிறது. அங்கே கனமான துணி ஒன்றைத் தொங்கவிட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது. இதைக் கேட்டதும் சலூன்காரர் துள்ளிவிட்டார். கண்ணாடியா? உலகத்தில் தனக்குத் தெரிந்த ஒரே விஷயம் கண்ணாடிதானே!

சொன்னவர் ஒரு வாடிக்கையாளர். சினிமாத் தியேட்டர்களில் ஒலிப்பெட்டி பொருத்துகிற வேலை. அதனால் கடையில் அவருக்குத் தியேட்டர்காரர் என்றே பெயர். ஒருநாள் பாதி முகத்தில் நுரையோடு அவர் சொன்னார். “நல்ல ரெண்டு ஸ்பீக்கரை இடம் பார்த்து வச்சு, நாற்காலியையும் சரியான எடத்துல போட்டுட்டீங்கன்னு வைங்க, அம்பது பேர் சேர்ந்து பாடினாலும் யார் எங்க நிக்கறாங்கன்னு விரலை நீட்டிக் காட்டலாம்ண்ணே.”

கத்தி அவர் தொண்டைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டது.

“அம்பது பேர்லயா?”

“அண்ணே, மொதல்ல கத்தியை எடுங்கண்ணே.”

ஐம்பது பேர் என்ற கணக்குதான் அவரை அப்படி நிறுத்தியது. அவருடைய மகள் வெளியூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு பாட்டுக்குழுவில் சேர்ந்திருக்கிறாள். ஆணும் பெண்ணுமாக ஐம்பது பேர் வரிசையாக நின்று ஒன்றாகப் பாடுகிற குழு. போன நிகழ்ச்சியை ஒலிப்பதிவு செய்து செல்போனில் அனுப்பியிருந்தாள், கூடவே ஒரு புகைப்படமும். படத்தில் பின் வரிசையின் இடது ஓரத்தில், கண்ணாடி போட்ட ஒரு உயரமான அம்மாவுக்குப் பக்கத்தில், வாயைத் திறந்தபடி நிற்பது அவள்தான். செல்போனில் அந்தப் பாட்டைக் கேட்டால் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருந்தது. அதில் தன் மகள் எந்தத் துளி என்று யாரால் சொல்ல முடியும்?

அவளை வீட்டில் முந்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். முந்திரிக்கொட்டை என்பதன் சுருக்கம். டாக்டர் குறித்த நாளுக்கு முன்னாலேயே பிறந்தவள். கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்கிறவள், பஸ் நிற்பதற்குள் எழுந்து நிற்கிறவள். பள்ளிக்கூடத்தில் கூட்டுப் பாட்டுக்குச் சேர்த்தார்கள். எல்லாரும் தொடங்குவதற்குள் இவள் தொடங்கிவிட்டாள். மறுபடியும் பாடச் சொன்னார்கள், மறுபடியும் முந்தினாள். கடைசியில் பாட்டு டீச்சர், “நீ வாயை மட்டும் அசை கண்ணு, சத்தம் வேண்டாம்,” என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் கடைக்கு வந்து, அப்போது அங்கே இருந்த இதே நாற்காலியில், குழந்தைகளுக்காக அதன் கைகளின் மேல் குறுக்கே போடும் பலகையில் உட்கார்ந்து, தலையைக் கொடுத்துக்கொண்டே இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். ஆண்டு விழாவில் சலூன்காரர் முன் வரிசையில் இருந்தார். எல்லாரையும்விட முந்திரியின் வாய்தான் பெரிதாகத் திறந்து திறந்து மூடியது. கண்ணை விரித்து, தலையை ஆட்டி, அத்தனை முகபாவத்தோடு. அதிலிருந்து சத்தம் வரவில்லை என்பது அந்தக் கூட்டத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும். கைதட்டும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் வீட்டிலும் பாடியதில்லை.

இப்போது பாட்டுக்குழுவாம். “நீ பாடறியாம்மா?” என்று போனில் கேட்டார். “பாடாம பின்ன, வேடிக்கை பார்க்கவா போறேன்?” என்றாள். நிஜமாகப் பாடுகிறாயா, சத்தத்தோடு பாடுகிறாயா என்பது அடுத்த கேள்வி. அதைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ஒலிப்பதிவை அனுப்பிவிட்டு அவள் இன்னொன்றும் சொன்னாள்: “கேளுப்பா. ஆனா ரொம்ப உத்துக் கேக்காதே.” அந்த வார்த்தை முள் மாதிரி உள்ளே தங்கிவிட்டது.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. தியேட்டர்காரர் தன் வீட்டில் சும்மா கிடந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் ஒரு ஆம்ப்ளிஃபயரையும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஒரு வேலையாகப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டார். போகும்போது, “ஆம்ப்ளிஃபயர் பின்னாடி எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சுண்ணே. பின்பக்கம் நின்னு பார்த்தா, உங்க வலது கைப்பக்கம் இருக்கற ஓட்டைங்கதான் இடது ஸ்பீக்கருக்கு. ஞாபகம் வச்சுக்கங்க,” என்றார். ஆம்ப்ளிஃபயரோ பிணக்கனம் கனத்தது. சுவரை ஒட்டி வைத்தாயிற்று; திருப்ப வேண்டுமானால் இரண்டு ஆள் வேண்டும். சலூன்காரர் சட்டென்று கைக்கண்ணாடியை எடுத்துப் பின்னால் செருகி, அதில் பார்த்தே ஒயர்களை மாட்டி முடித்துவிட்டார். காலையிலிருந்து சாயங்காலம் வரை கண்ணாடியைப் பார்த்தே வேலை செய்கிற கை. மனைவியைக் கூப்பிட்டு அந்தச் சாமர்த்தியத்தைக் காட்டிப் பெருமையும் பட்டுக்கொண்டார்.

நாற்காலிக்குத்தான் எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. கடைக்குப் புது நாற்காலிகள் வந்தபோது பழையதில் ஒன்றை எடைக்குப் போட மனசு வராமல் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். “வர்றவங்க உக்காந்துட்டு ‘ஓரத்துல மட்டும் குறைச்சு விடுங்க’ன்னு சொல்லப் போறாங்க,” என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் பாட்டுக் கேட்பதற்கென்றே செய்த மாதிரி இருந்தது அது. ஸ்பீக்கரில் மெல்லிய குரல்கள் வருகிற சின்ன வட்டமும் உட்கார்ந்திருப்பவர் காதும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டுமாம். காலால் மிதியை நாலு மிதி மிதித்தால் நாற்காலி தானாக ஏறுகிறது, வேறென்ன வேண்டும்? தலைக்குப் பின்னால் சத்தம் மோதக் கூடாது என்பதால் தலைசாய்ப்பை மட்டும் கழற்றி அலமாரி மேல் போட்டார்.

கண்ணாடியை நகர்த்திய அன்று கடைக்கு விடுமுறை. மகள் சாயங்காலம் வருகிறாள். அதற்குள் எல்லாம் தயாராக வேண்டும். சுவரில் இரண்டு பக்கமும் கம்பளிகளைத் தொங்கவிட்டு, மனைவியை ஒருவழியாக டியூட்டிக்கு அனுப்பிவிட்டு, அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

முதலில் ஸ்பீக்கர்கள் சுவரோடு ஒட்டியிருந்தன. ஆண்களின் கனத்த குரல்கள் பானைக்குள் பேசுவது போல முழங்கின. ஒரு முழம் முன்னால் இழுத்தார், முழக்கம் வடிந்தது. இன்னும் ஒரு சாண் இழுத்தார், ரொம்ப வடிந்துவிட்டது. பாதி சாண் பின்னால் தள்ளினார். நாற்காலியின் நடுவிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரே தூரம் இருக்க வேண்டும் என்பதற்குப் புருவம் திருத்தும் நூலை எடுத்து இழுத்துப் பிடித்து அளந்தார். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ள தூரமும் அதே நூல் அளவு. பிறகு முகம் திருப்பும் வேலை. ஸ்பீக்கர்கள் லேசாக உள்பக்கம் பார்க்க வேண்டும். ஆனால் முறைத்துப் பார்க்கக் கூடாது. இதில்தான் அவர் கைத்தொழில் உதவியது. வாடிக்கையாளர் தலையை ஒரே ஒரு விரலால் திருப்புவாரே, அப்படித் திருப்பினார். ஓடிப்போய் உட்கார்ந்தார். கேட்டார். எழுந்தார். மறுபடியும் திருப்பினார். தரையெல்லாம் சாக்பீஸ் கோடு. சோபா சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. தாகம் எடுத்தது, தண்ணீர் குடிக்க சோபாவைத் தாண்டிப் போகச் சோம்பல்பட்டு அதையும் மறந்தார்.

எத்தனையாவது தடவை என்று தெரியாது. நாற்காலியைக் கால் அடி முன்னால் நகர்த்தி உட்கார்ந்து கண்ணை மூடினார். பாட்டு தொடங்கியது. ஸ்பீக்கர்கள் காணாமல் போயின.

நிஜமாகவே காணாமல் போயின! பெட்டியிலிருந்து சத்தம் வரவில்லை, பெட்டியே இல்லை. எதிர்ச் சுவர் இருந்த இடத்தில் ஒரு பெரிய மண்டபம் திறந்துகொண்டது. அதில் ஆட்கள் நின்றார்கள். நடுவில் ஆண்கள், படத்தில் இருந்த மாதிரியே. அவர்களில் ஒருவர் அடித்தொண்டையில் இழுத்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் மூக்கால் பாடினார். முன்னால் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் அரை அடி தள்ளி இன்னொரு பெண். யாரோ செருப்பை நகர்த்தினார்கள். சலூன்காரருக்குக் கை மயிர் சிலிர்த்தது. “ஐயையோ!” என்று வாய்விட்டுக் கத்தினார். தன்னந்தனியாக வீட்டில் உட்கார்ந்துகொண்டு கையை நீட்டி, “நீங்க இங்க நிக்கறீங்க! நீங்க அங்க!” என்று ஒவ்வொருவராகக் காட்டினார். யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால் வைத்தியம் பார்க்கக் கூட்டிப் போயிருப்பார்கள். தலைகால் புரியவில்லை அவருக்கு. வலது ஓரத்தில் ஒரு பெண் எல்லாருக்கும் ஒரு நொடி முன்னாலேயே அடியைத் தொடங்கிவிட்டுச் சட்டென்று அடங்கினாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயும் ஒரு முந்திரி! யார் பெற்ற பிள்ளையோ, எவ்வளவு தெம்பாகப் பாடுகிறது!

அப்புறம்தான் இடது பக்கம் திரும்பினார். தலையை அல்ல, கவனத்தை. அதற்காகத்தானே இவ்வளவும். பாட்டை முதலிலிருந்து வைத்து, காதைத் தீட்டிக்கொண்டு இடது பக்கத்தில் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார். ஒரு கீச்சுக் குரல். ஒரு நடுத்தரமான குரல். ஓரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கனமான அம்மா. அவர்தான் கண்ணாடி போட்ட உயரமான அம்மாவாக இருக்க வேண்டும். அவருக்கு அந்தப் பக்கம், கடைசியில், ஒன்றும் இல்லை.

இன்னொரு தடவை வைத்தார். இன்னும் இரண்டு தடவை. ஸ்பீக்கரை ஒரு விரல் அளவு திருப்பிப் பார்த்தார். பழைய கோட்டுக்கே கொண்டுவந்தார். தப்பே இல்லை. ஆள் நிற்பது கூடத் தெரிகிறது. துணி உரசுகிறது, மூச்சு வாங்குவது போல ஏதோ கேட்கிறது. குரல் மட்டும் இல்லை. இடது ஓரத்தில் நிற்கிறவள் பாடவில்லை. வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கிறாள்.

பாட்டு முடிந்ததும் அவர் எழுந்திருக்கவில்லை. படத்தில் பெரிதாகத் திறந்திருந்த அந்த வாய் கண் முன்னால் வந்தது. ரொம்ப உத்துக் கேக்காதேப்பா. பாவிப் பெண், அதற்குத்தான் சொல்லியிருக்கிறாள். சொன்ன பேச்சைக் கேட்டோமா? ஊரில் இருக்கிற கம்பளியெல்லாம் தொங்கவிட்டு, நூல் பிடித்து அளந்து, பிள்ளை மறைத்து வைத்திருந்ததைத் தோண்டி எடுத்துவிட்டோம். அவருக்குத் தன் காதுகளின் மேலேயே கோபம் வந்தது.

அதைவிட வேறு ஒரு பயம் வந்தது. இன்னும் சற்று நேரத்தில் அவள் வருவாள். இந்த நாற்காலியில் உட்காருவாள். ஐம்பது பேரும் தனித்தனியாக நிற்பதைக் கேட்பாள், தன் இடம் காலியாக இருப்பதையும் கேட்பாள். அப்புறம் நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள். அந்த ஒரு பார்வைக்கு அவரால் எதிரில் நிற்க முடியாது.

எழுந்தார். காலையிலிருந்து விரல் விரலாக நகர்த்திய ஸ்பீக்கர்களை ஒரே தள்ளாகச் சுவரோடு தள்ளினார். ஒன்றை அலமாரிக்குப் பக்கத்தில் செருகினார், இன்னொன்றைச் சோபாவுக்குப் பின்னால் விட்டார். கம்பளிகளை உருவி எறிந்தார். நாற்காலியை மூலைக்கு இழுத்தார். தரையில் இருந்த கோடுகளைக் காலால் தேய்த்தார். பாட்டைப் போட்டுப் பார்த்தார். பழைய தகரக் கூரை மழை; யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாத நல்ல கூழ். அதில் யாரும் பாடலாம், யாரும் பாடாமல் இருக்கலாம். அவருக்கு மூச்சு வந்தது.

மனைவி கதவைத் திறந்து உள்ளே வந்து வாசலிலேயே நின்றாள்.

“என்ன இது? கரப்பான்பூச்சி மருந்து அடிக்கப் போறீங்களா?”

“சரியா வரலை. அந்தத் தியேட்டர்காரன் சும்மா கதை விட்டிருக்கான். எல்லாம் செல்போன்ல கேக்கற மாதிரியேதான் இருக்கு.”

“காலையில எவ்வளவு குதிச்சீங்க!”

“குதிச்சேன். வரலை. விடு.”

அவள் பையை வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். பொய் சொல்லும்போது அவர் கை மீசைக்குப் போகும். இப்போது இரண்டு கையும் போயிருந்தது. “கை ஒடியக் கண்ணாடி பிடிச்சது நானு. வரலைன்னா ஏன் வரலைன்னு எனக்குச் சொல்லணும்,” என்றாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். அவள் விடுகிறவள் இல்லை. கடைசியில் சலூன்காரர் நாற்காலியின் கையில் சாய்ந்துகொண்டு, தரையைப் பார்த்தே சொன்னார்.

“வந்துச்சு. நல்லாவே வந்துச்சு. அவதான் பாடலை. வாயை மட்டும் அசைச்சுட்டு நிக்கறா, அன்னிக்கு நின்னாளே, அதே மாதிரி. அவ வந்து கேட்டா மனசு உடைஞ்சு போகும். அதான் கலைச்சுட்டேன்.”

மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சோபாவின் ஒரு முனையைப் பிடித்தாள். “அந்தப் பக்கம் பிடிங்க. எனக்குக் கேக்கணும்.”

“வேணாம்மா.”

“அவ பாடறாளா இல்லையான்னு நீங்க மட்டும் கேட்டா போதுமா? நான் பெத்தவ இல்லையா? பிடிங்க.”

தேய்த்த கோடுகள் முழுசாக அழிந்திருக்கவில்லை. அவர் கை மனசில்லாமல்தான் வேலை செய்தது. ஆனாலும் நூலை இழுத்துப் பிடித்தபோது அளவு பிசகவில்லை. கம்பளிகள் மறுபடியும் ஏறின. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். குள்ளம் என்பதால் அவர் மிதியை இரண்டு மிதி கூடுதலாக மிதித்துக் காதை உயர்த்திக் கொடுத்தார். பாட்டைப் போட்டுவிட்டு ஜன்னலோரம் போய், தெருவைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டார்.

முதல் அடி முடிவதற்குள் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

திரும்பினார். மனைவி வலது பக்கம் கையை நீட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். “இதோ நிக்கறாளே! இதோ! மூக்கை உறிஞ்சிட்டு ஆரம்பிக்கறா பாருங்க. கேக்கலையா உங்களுக்கு? அழப் போறப்பவும் அப்படித்தான், சண்டைக்கு வர்றப்பவும் அப்படித்தான். எல்லாருக்கும் முன்னாடி ஓடுறா பாருங்க, என் ராஜாத்தி!”

“அது யாரோ வேற பொண்ணு. வலது பக்கம் நிக்கறா. நம்ம பொண்ணு இடது ஓரம். இந்தா, படத்தைப் பாரு.”

“படம் இருக்கட்டும். யாரோவாம் யாரோ! பெத்த எனக்குத் தெரியாதா அந்த மூக்கு?”

யார் பெற்ற பிள்ளையோ என்று சற்று முன்னால் தான் நினைத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மனைவி சிரிப்பை நிறுத்திவிட்டு ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், கடைசியாக மேஜை மேல் இருந்த கைக்கண்ணாடியைப் பார்த்தாள். “அன்னிக்கு இதுல பார்த்துத்தானே ஒயர் மாட்டினீங்க?”

“ஆமா. பின்பக்கத்துல வலது கைப்பக்கம் இருக்கறது இடதுக்குன்னார். கண்ணாடியில வலது பக்கமாப் பார்த்து...” சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார்.

கண்ணாடியில் பார்க்கிறோம் என்கிற நினைப்பே அவருக்கு இருந்ததில்லை. இருந்தால் கடையில் ஒரு காதாவது போயிருக்கும். கத்தரியைப் பிடிக்கும்போது கை தானாகவே இடத்தையும் வலத்தையும் சரிசெய்துகொள்ளும். ஒயரைப் பிடிக்கும்போது அந்தக் கைக்கு யார் சொல்வது? பின்னால் போய் நின்று பார்த்திருந்தால் வலது கைப்பக்கம் எது வந்திருக்குமோ, அதற்கு எதிரானதில் மாட்டியிருக்கிறார். மண்டபமே அப்படியே பக்கம் மாறி நின்றிருக்கிறது. நடுவில் நின்ற ஆண்கள் நடுவிலேயே நின்றதால் அவருக்குச் சந்தேகமும் வரவில்லை.

மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையில் உதவியாளர். “எங்க ரூம்ல ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்துல இடது வலதுன்னு ஈய எழுத்து வச்சுத்தான் எடுப்போம். ஏன் தெரியுமா? இல்லைன்னா ஒடிஞ்ச கையை விட்டுட்டு நல்ல கையில மாவுக்கட்டு போட்டுடுவாங்க,” என்றாள். “நீங்க இப்ப அதைத்தான் பண்ணியிருக்கீங்க.”

பதில் சொல்ல அவருக்கு எங்கே நேரம்? தாவி உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயரைக் கட்டிப் பிடித்தார். இரண்டு ஆள் தூக்க வேண்டிய கனம், ஒரே ஆளாக முக்கித் திருப்பினார். இந்தத் தடவை கண்ணாடி இல்லை. தன் இரண்டு கண்ணாலும் பின்பக்கத்தைப் பார்த்து, ஒவ்வொரு ஒயரையும் வாயால் சொல்லிச் சொல்லி மாற்றி மாட்டினார். நெற்றி வியர்வை புருவத்தில் நின்றது. “உக்காரு, உக்காரு! இல்லை, நான் உக்காரறேன். இல்லை, நீயே உக்காரு!” என்று அவர் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு மணி அடித்தது. ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை, விடாமல்.

“பஸ் வர இன்னும் நேரம் இருக்கே,” என்றாள் மனைவி. கதவைத் திறக்கப் போகும்போதே அவளுக்கும் தெரிந்துவிட்டது.

“முந்தின பஸ்ஸையே பிடிச்சுட்டேன்!” முதுகுப்பையைக் கழற்றாமலேயே முந்திரி உள்ளே வந்தாள். கம்பளிகளைப் பார்த்தாள், சுவரில் இருந்த பெருக்கல் குறிகளைப் பார்த்தாள், நடுக் கூடத்தில் தனியாக நின்ற நாற்காலியைப் பார்த்தாள். “ஐ, என் நாற்காலி! என்னப்பா இது, வீட்டுலயே கடை போட்டுட்டியா? அம்மா, ஏன் அழுற?”

“அழலை. சிரிச்சேன்,” என்றாள் அம்மா.

சலூன்காரர் படத்தை நீட்டினார். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அவரிடம் பாக்கியிருந்தது. “இந்த வலது ஓரத்துல நிக்கறாங்களே, இவங்க யாரும்மா?”

“அவங்களா? பாவம்ப்பா, அன்னிக்குக் காலையிலேர்ந்து தொண்டை சுத்தமா கட்டிப் போச்சு. வீட்டுல இருக்க மனசில்லாம வந்து, வரிசையில நின்னு வாயை மட்டும் அசைச்சுட்டு...” அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். “உனக்கு எப்படித் தெரியும்?”

அவர் ஸ்பீக்கர்களைக் கையால் காட்டினார். அவள் முகம் மாறியது. முதுகுப்பையை மெதுவாகக் கழற்றித் தரையில் வைத்தாள்.

“அப்ப... நான் முந்தினதும் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“ரெண்டு எடத்துலயுமா?”

“மூணு எடம்,” என்றாள் அம்மா.

“அதான் உத்துக் கேக்காதேன்னு சொன்னேன்,” என்றாள் முந்திரி. குரல் இறங்கியிருந்தது. “ஒலிப்பதிவைக் கேட்டுட்டு எங்க மாஸ்டர் என்னையே பார்த்தார். போச்சு, இங்கயும் சொல்லப் போறார்னு நெனச்சேன். அடுத்த தடவை நடுவுல நில்லு, ரெண்டு பக்கமும் ஆள் இருந்தா பிடிச்சு வச்சுக்குவாங்கன்னார். அவ்வளவுதான்ப்பா. பாடாதேன்னு சொல்லலை.”

சலூன்காரர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். அவள் ஏறி உட்கார்ந்தாள். பழக்க தோஷத்தில் அவர் கை தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி அவள் கழுத்தைச் சுற்றப் போய்விட்டது. “அப்பா!” என்று அவள் கத்த, மூவருக்கும் சிரிப்பு வந்தது. காதின் உயரத்தைக் கண்ணால் அளந்துகொண்டு அவர் மிதியை மிதித்தார். முந்திரி கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறினாள்.

“நேரா உக்காரு. தலையை ஆட்டாதே. கண்ணை மூடு.”

ஒரே நாற்காலிதான். அதனால் அம்மா ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் நின்றுகொண்டார்கள். பாட்டைப் போட்டார். முதலில் வெறும் மண்டபம். யாரோ செருப்பை நகர்த்துகிறார்கள், யாரோ தொண்டையைக் கனைக்கிறார்கள். அப்புறம் எல்லாம் அடங்கியது. ஐம்பது பேரும் கையசைவுக்காகக் காத்து நின்றார்கள். அறையின் இடது ஓரத்தில், சோபாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், யாரோ சின்னதாக மூக்கை உறிஞ்சினார்கள். நாற்காலியிலும் அதே சத்தம் கேட்டது. சலூன்காரர் குனிந்து பார்த்தார். கண்ணை மூடியிருந்த முந்திரியின் தோள்கள் லேசாக உயர்ந்தன. மற்றவர்கள் யாரும் தொடங்குவதற்கு முன், அவள் வாய் பெரிதாகத் திறந்தது.